மெல்ல இறங்கும் பிரேக் மிதி

நம் வயதுக்காரர்கள் பலரிடம் பழைய கார் ஒன்று இருக்கும். விற்க மனம் வராது, புதிது வாங்கத் தேவையும் இருக்காது. அப்படி ஒரு வண்டியை வைத்திருக்கும் நண்பர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2005-ஆம் வருட மாடல். சேலத்துக்குள் கடைவீதி, கோயில், ஆஸ்பத்திரி என்று போய்வர எங்கள் இருவருக்கும் அது போதும். போன கோடையில் சிக்னலில் நிற்கும்போது ஒன்றைக் கவனித்தேன். பிரேக்கை மிதித்தபடியே இருந்தால் கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் மேலேயே கெட்டியாக நின்றது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் இறங்கியது. வேகமாக மிதித்தால் நன்றாகவே பிடித்தது.

இதை வேறொன்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதித்தால் பெடல் கெட்டியாகிவிடும். அப்படியே அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் சற்றே கீழே இறங்கி நிற்கும். அது பூஸ்டர் வேலை செய்வதற்கு அடையாளம், கோளாறு அல்ல. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில், "காத்து புகுந்திருக்கும் சார், ஏர் எடுத்துட்டா சரியாயிடும்" என்றார்கள். எடுத்தார்கள், பணமும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாளில் பெடல் முன்னைவிட வேகமாக இறங்கியது.

அந்த நேரம் பார்த்து மகன் குடும்பத்தோடு நாலு நாள் லீவில் வந்திருந்தான். மறுநாள் ஏற்காடு போவதாக ஏற்பாடு. "ரெண்டு தடவை மிதிச்சா பிடிக்குதேப்பா, மெதுவாப் போயிட்டு வந்துடலாம்" என்றான். சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பிரச்சினை இல்லை, இறங்கும்போது? பின் சீட்டில் இரண்டு பேரக்குழந்தைகள். "இந்த வண்டி மலை ஏறாது. வாடகைக்கு எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. "அப்பாவுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்று அவன் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அவர்கள் வாடகைக் காரில் போனார்கள், நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

பழக்கமான வயதான மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்தேன். "வண்டியை எடுக்காதீங்க சார், நானே வர்றேன்" என்று ஸ்பேனர் பையோடு வந்தார். முதலில் ஆயில் டப்பாவைப் பார்த்தார். அளவு குறையவில்லை. நான்கு சக்கரங்களின் உட்புறம், பைப் இணைப்புகள், பெடலுக்குக் கீழே, மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடம் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரமில்லை. பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து போகும் பைப்புகளைக் கழற்றி, அந்தத் துளைகளைத் திருகு அடைப்பான் போட்டு இறுக்கி மூடினார். "இப்ப மிதிங்க சார்" என்றார். சிலிண்டர் நன்றாக இருந்தால் பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். அப்போதும் இறங்கியது. "சிலிண்டர்தான். சக்கரத்துப் பக்கம் ஒண்ணுமில்லை."

முப்பது வருடம் பள்ளியில் பாஸ்கல் விதி நடத்தியவன் நான். அடைபட்ட திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஆனால் அடைபட்டிருக்க வேண்டுமே! மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிஸ்டன்கள், அவற்றில் ரப்பர் வாஷர்கள். வாஷர் தேய்ந்தால் ஆயில் வெளியே வராமல், உள்ளேயே பின்பக்கம் நழுவிவிடும். டப்பாவில் அளவு குறையாததற்குக் காரணம் அதுதான். மெதுவாக அழுத்தும்போது வாஷரின் விளிம்பு சுவரோடு சரியாக ஒட்டாது. வேகமாக மிதித்தால் ஒட்டிக்கொள்ளும்.

ஏர் எடுத்த பிறகு ஏன் மோசமானது என்று கேட்டேன். "தினமும் பெடல் பாதி தூரம்தான் போகும். ஏர் எடுக்கும்போது அடிவரை மிதிப்பாங்க. பழைய சிலிண்டர்ல அந்த அடிப்பகுதி துருவும் கசடுமா இருக்கும். வாஷர் அதுல உரசிக் கிழிஞ்சிடும்" என்றார்.

வாஷர் கிட் மட்டும் போட்டால் செலவு குறைவுதான். ஆனால் கழற்றிப் பார்த்தபோது சிலிண்டரின் உட்சுவரில் புள்ளி புள்ளியாக அரிப்பு இருந்தது. அதில் புது வாஷர் அதிக நாள் தாங்காது. முழு சிலிண்டரையே மாற்றினோம். நான் மிதிக்க, அவர் ஒவ்வொரு சக்கரத்திலும் நிப்பிளைத் திறந்து மூட, காற்றும் பழைய ஆயிலும் வெளியேறின. அந்த ஆயில் காபி டிக்காக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக்கையே நம்பி வந்தால் சூட்டில் அது கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள்.

மாலையில் மகன் திரும்பி வந்ததும் பழைய வாஷரை அவன் கையில் கொடுத்தேன். ஓரம் கிழிந்திருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை வச்சா இறங்கியிருப்போம்?" என்று மட்டும் கேட்டான்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை, நின்ற வண்டியில் இஞ்சின் ஓடும்போது பிரேக்கை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் மிதித்திருங்கள். இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள். மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கினால், காற்று. டப்பாவில் ஆயில் குறைந்துகொண்டே போனால், எங்கோ கசிவு. ஆயிலும் குறையாமல், ஈரமும் தெரியாமல் பெடல் இறங்கினால், முதலில் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். வருடம் இரண்டு ஆனால் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு, ஒரு முறை டாங்க் நிரப்பும் செலவைவிடக் குறைவு.