அக்கா கேட்ட கேள்வி

பெங்களூருல இருந்து தங்கச்சி பையன் ராசிபுரம் வந்திருக்கான்.

"பாலியமரின்னு ஒன்னு இருக்கு மாமா. ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேரை லவ் பண்ணலாம். எல்லாருக்கும் தெரிஞ்சு, எல்லாரும் சம்மதிச்சு."

தட்டுவடை செட் தொண்டையில நின்னுருச்சு.

எங்கக்கா மட்டும் நிதானமா கேட்டா: "ஏஞ்சாமி, நீ லவ் பண்ற புள்ளையும் அப்படி இருக்கலாமா?"

"இருக்கலாமுங் பெரியம்மா."

அக்கா அப்புறம் பேசவே இல்ல.

நம்மூர் ஒழுக்கம்னு ஆரம்பிக்காதீங்க.
இந்துக்களுக்கு மொதப் பொண்டாட்டி இருக்கறப்ப ரெண்டாங் கல்யாணம் செல்லாதுன்னு 1955லயே சட்டம் வந்தாச்சு.
அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுல, புருசனுக்கு வேற பொண்டாட்டி உண்டுன்னு சொன்னவங்க நாடு முழுக்க 1.4 சதவீதம். வாய்விட்டுச் சொன்னவங்க மட்டும்!

2000கள்ல, கர்ப்பிணிகள்கிட்ட எச்ஐவி அதிகமா இருந்த மாவட்டங்கள்ல நம்ம நாமக்கல்லும் ஒன்னு. லாரி ஓடுன ஊரு.
புருசனைத் தவிர யாரையும் அறியாத பொண்ணுங்க அதுல எத்தனை பேரோ. அவங்ககிட்ட எவன் சம்மதம் கேட்டான்?

தங்கச்சி பையன் செட்டுல எல்லாரும் ரத்தப் பரிசோதனை பண்ணி, ரிப்போர்ட்டை மாத்திப் பாத்துக்குவாங்களாம்.
நானு? இருக்கற ஒரே பொண்டாட்டிகிட்ட சுகர் ரிப்போர்ட்டை ஒளிச்சு வைக்கற ஆளு.

அதெல்லாம் சரிங்க. பொறாமை வந்தா இவனுக என்ன பண்ணுவானுக?
தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்களேன்?