காய்ச்சலும் பாய்ச்சலும்

சித்தப்பா வீட்டுச் சுவரில் உரக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. அதில் மூன்று தேதிகளைச் சுற்றிப் பேனாவால் வட்டம். ஜூன் 12, மேட்டூர் திறப்பு. நவம்பர் 15, சம்பாவுக்குக் காப்பீடு கட்ட வழக்கமான கடைசி நாள். அப்புறம் தைப்பொங்கல். மூன்றில் சொன்ன நாளில் தவறாமல் வருவது இப்போது பொங்கல் மட்டும்தான்.

*

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. 'காலநிலை மாற்றம்' என்ற சொல் இங்கே யார் வாயிலும் வருவதில்லை. "பருவம் தப்பிப்போச்சு" என்பார்கள். எனக்கு அதுதான் சரியான சொல்லாகப் படுகிறது. 2024-இல் உலகச் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.55 டிகிரி கூடிவிட்டது என்று உலக வானிலை அமைப்பு சொன்னது. சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். சித்திரையில் வெயில் அடிக்காமல் வேறு எப்போது அடிக்கும் என்று கேட்டார். ஆனால் மழை தேதி மாறிப் பெய்தால் அவருக்கு அன்றைக்கே தெரியும். கடனில் தெரியும்.

*

மேட்டூர் கணக்கு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஒரு தடவைகூட ஜூன் 12-இல் அணை திறக்கவில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28. இதில் பெரும்பங்கு கர்நாடகத்தோடு உள்ள காவிரி வழக்கின் கதை. எல்லாவற்றையும் பருவத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஆனால் தண்ணீர் ஒரு மாதம் தள்ளி வந்தால் நாற்றங்கால் தள்ளிப்போகும், நடவு தள்ளிப்போகும். ஐப்பசி அடைமழையில் வேர் பிடித்து நிற்க வேண்டிய பயிர், நட்டு ஒரு வாரம்கூட ஆகாமல் முங்கிக் கிடக்கும். அரசியல் ஒரு மாதம் தள்ளிவிடுகிறது, வானம் இன்னொரு மாதம். நடுவில் நாற்று.

*

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாகச் சுமார் 92 செ.மீ. அதில் ஏறக்குறைய பாதி, 44 செ.மீ., அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று கொடுப்பது. 2016-இல் அந்த 44-க்குப் பதில் 17 செ.மீ.தான் பெய்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகளில் மிகக் குறைவானவற்றுள் ஒன்று. அந்த மார்கழியில் காய்ந்த வயல் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்களின் செய்தி தினமும் வந்தது. 2018-இல் கஜா புயல். 2021 ஜனவரியில், பெய்யவே கூடாத நேரத்தில் பேய்மழை. கதிர் முற்றிய சம்பா படுத்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் ஒரு வருஷம், தண்ணீரால் ஒரு வருஷம்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க முடியுமா என்று முன்பு எனக்குக் குழப்பம் உண்டு. முடியும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரிய குடம் நிறைய நேரம் பிடிக்கிறது. கவிழும்போது மொத்தமாகக் கவிழ்கிறது. தூறல் நாட்கள் குறைந்து, கொட்டும் மணிநேரங்கள் கூடுகின்றன. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. மாநிலத்தின் ஓராண்டுச் சராசரியே 92.

*

ஈரம் 17.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மத்திய அரசின் விதி இது: நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெயிலில் அறுத்து, களத்தில் காயவைத்து, தூற்றிக் கொண்டுவந்த காலத்துக்கு நல்ல விதிதான். இப்போது குறுவை அறுப்பு மழையில்தான் நடக்கிறது. இயந்திரம் சேற்றில் இறங்கி அறுக்கிறது, நெல் ஈரத்தோடு டிராலியில் வந்து சாலையோரம் கொட்டப்படுகிறது, மேலே தார்ப்பாய். மாநில அரசு தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுதும். ஒரு குழு வரும், மாதிரி எடுக்கும், ஆய்வகத்துக்கு அனுப்பும். பிறகு ஆணை வரும். அதற்குள் தார்ப்பாய்க்குக் கீழே நெல் முளைத்திருக்கும். போன குறுவையில் ஒரு நிலையத்து வாசலில் பதினோரு நாள் காத்திருந்தோம். குவியலின் அடிப்பக்கம் கையை விட்டால் அடுப்பு மாதிரி சூடு. வெள்ளை வெள்ளையாக முளை.

மழை தேதியை மாற்றிக்கொள்கிறது, ஒவ்வொரு வருஷமும். விதி மாற ஒவ்வொரு வருஷமும் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. ஊருக்கு ஒரு நெல் உலர்த்தும் இயந்திரம் இருந்தால் இந்தக் கடிதப் போக்குவரத்தில் பாதி தேவையில்லை என்பது என் கட்சி.

*

டீக்கடையில் நான் ஒரு தப்புச் செய்தேன். "நம்ம வயல்லேர்ந்துகூட மீத்தேன் வருது" என்று சொல்லிவிட்டேன். பெஞ்சில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள். "எந்தக் கம்பெனிக்காரன் சொன்னான் தம்பி?"

மறந்தே போயிருந்தேன். டெல்டாவில் மீத்தேன் ஒரு வாயுவின் பெயர் அல்ல, ஒரு போராட்டத்தின் பெயர். 2010-இல் மன்னார்குடிப் பகுதியில் நிலத்தடி நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போட்டார்கள். அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், அந்தப் பயணத்திலேயே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். திட்டம் கைவிடப்பட்டது. 2020-இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்று. அப்படிப்பட்ட ஊரில் போய் நெல்வயலே மீத்தேன் கிணறு என்றால் யார் டீ வாங்கித் தருவார்கள்?

ஆனால் உண்மை அதுதான். வயலில் தண்ணீர் கட்டியே நின்றால் மண்ணுக்குள் பிராணவாயு போகாது. அங்கே மக்கும் தாளையும் வேரையும் தின்னும் நுண்ணுயிர்கள் மீத்தேனை விடுகின்றன. நெல்தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் புகைபோக்கி மாதிரி அதை மேலே ஏற்றிவிடுகின்றன. மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக நெல்வயலின் கணக்கு. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் தங்குவது; மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் சிதைந்துவிடும். இருக்கும்வரை அது பிடித்து வைக்கும் வெப்பமோ பல மடங்கு.

ஒரு இந்தியரின் பங்காக ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு. ஒரு அமெரிக்கரின் பங்கு அதைப்போல ஏழு மடங்கு. வயலை அவ்வப்போது காயப்போட்டால் மீத்தேன் குறையும் என்பதோடு இதையும் பெஞ்சில் சொன்னேன். "அப்ப அவனைப் போய்க் காயப்போடச் சொல்லு" என்றார் ஒருவர். டீ மட்டும் வந்தது.

*

குழாய் விஷயம். பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை. ஓட்டை போட்ட ஒரு அடி பிவிசி குழாயைப் பாதி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். உள்ளே தெரியும் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை காயவிட்டு, பிறகு பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தண்ணீர் மிச்சம், மீத்தேன் பாதி வரைகூடக் குறையும், விளைச்சல் குறையாது. (யூரியாவை அள்ளிக் கொட்டினால் மட்டும் நைட்ரஸ் ஆக்சைடு என்று வேறொரு தொல்லை.) மண்ணுக்குள் இருக்கும் பாதியில்தான் ஓட்டை வேண்டும். எங்கள் பிளம்பர் உற்சாகத்தில் மேலிருந்து கீழ்வரை விரற்கடைக்கு ஒன்றாகத் துளைத்துக் கொடுத்துவிட்டார். புல்லாங்குழல் மாதிரி இருந்தது.

சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைத்தானடா ஒங்க தாத்தா காய்ச்சலும் பாய்ச்சலும்னாரு. மயிர்க்கோடா வெடிப்பு விட்டதும் தண்ணி வைக்கணும். காலால மிதிச்சாத் தெரியும். இதுக்கு பைப்பு வேற."

"அப்ப ஏன் சித்தப்பா எப்பவும் தண்ணி கட்டியே வச்சிருக்கீங்க?"

"காய்ச்சல் நம்ம கையில. பாய்ச்சல் நம்ம கையிலயாடா இருக்கு?"

இதற்கு எந்தக் கையேட்டிலும் பதில் இல்லை. கடைமடையில் ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வரும். முறையும் சொன்ன நாளில் வராது. அடுத்த தண்ணீர் என்றைக்கு என்று தெரியாதவன் இருக்கும் தண்ணீரை எப்படி வடியவிடுவான்? வரப்பை உயர்த்திக் கட்டிக்கொண்டு காவல் இருப்பான். மீத்தேனைக் குறைக்கச் சொல்லி அவனுக்கு வகுப்பு எடுப்பதைவிட, தண்ணீர் வரும் நாளை உறுதியாகச் சொன்னால் போதும். தண்ணீரைத் தானே திறந்துவிடுவான். மேட்டில் போர்வெல் வைத்திருப்பவர்களால் இது இன்றைக்கே முடியும்.

குழாயை ஒரு மூலையில் நட்டுவிட்டு வந்தேன்.

*

இரவு வெப்பம். பகல் வெயிலைவிட நெல்லுக்கு இதுதான் பகை. 1979 முதல் 2003 வரையிலான பதிவுகளை வைத்து, அதே பிலிப்பைன்ஸ் நிறுவனத்தில் செய்த ஆய்வு 2004-இல் வந்தது: கோடைப் போகத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் பத்து சதவீதம் குறைந்தது. பகலில் பச்சையம் சம்பாதிப்பதை ராத்திரி மூச்சு வாங்கியே பயிர் செலவழித்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். மார்கழியில் போர்வை தேவைப்படாத இரவுகளை நான் சுகமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

வெள்ளத்துக்கு நெல்லிடம் இரண்டு பதில் உண்டு. ஒன்று காட்டுயானம்: ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து, தலையை மேலே வைத்துக்கொள்ளும். இன்னொன்று மூச்சடக்குவது. ஒடிசாவின் பழைய ரகம் ஒன்றிலிருந்து கண்டெடுத்த சப்-1 என்ற மரபணு, பயிர் முங்கியதும் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமிக்க வைக்கிறது. இரண்டு வாரம் வரை தாங்கும். இங்கே பொன்மணி என்று எல்லோருக்கும் தெரிந்த சிஆர் 1009-இல் அதைச் சேர்த்து, சிஆர் 1009 சப்-1 வந்திருக்கிறது.

பாரம்பரியக் கட்சியும் பல்கலைக்கழகக் கட்சியும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மரபணுவும் யாரோ ஒரு விவசாயி விடாமல் விதைத்து வந்த நெல்லிலிருந்து வந்ததுதானே. பக்கத்து ஆதிரெங்கத்தில் திருவிழா வைத்து, இரண்டு கிலோ விதை கொடுத்து நாலு கிலோவாகத் திருப்பி வாங்கி, நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட ரகங்களைச் சேர்த்தார் நெல் ஜெயராமன். கஜா அடித்து மூன்று வாரத்தில், 2018 டிசம்பரில் இறந்துபோனார்.

*

உப்பு. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் ஆற்றின் வாயில் தண்ணீர் இறங்காவிட்டால் கடல் ஏறிவருகிறது. கடல்மட்டம் உயர்வது ஒரு காரணம். அணைகள் வண்டலைத் தடுத்துவிட்டதால் டெல்டாவுக்குப் புதுமண் வருவதில்லை. பழைய மண் மெல்ல அமிழ்கிறது. இறால் குட்டைகள் தங்கள் பங்குக்கு. போர்வெல்கள் தங்கள் பங்குக்கு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது, நாக்குக்குத் தெரிவதெல்லாம் கைப்பம்பில் வரும் கரிப்பு.

*

பழுப்பு நிலக்கரி எடுக்கும் நெய்வேலி எங்கள் ஊரிலிருந்து நூறு மைல்கூட இல்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக வந்த பொருள்தான் தொடக்கம். 1962 முதல் அதிலிருந்து மின்சாரம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெல்லின் மேல் இயந்திரத்தை ஓட்டினார்கள். படத்தைப் பார்த்த அன்று சித்தப்பா சாப்பிடவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் அந்தப் பழுப்பு நிலக்கரியும் உண்டு என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் உண்டு என்று சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

*

கார்த்திகை. மூன்று நாளாக மழை. ஊருக்குப் போக பஸ் இல்லை. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில், 2016-இல் ஒப்புதலான திட்டத்தில், வெண்ணாற்றுப் பாசனத்தில் அடப்பாறு, அரிச்சந்திரா நதி, வெள்ளையாறு என்று ஆறுகளைச் செப்பனிட்டார்கள். காலநிலைத் தகவமைப்பு என்றுதான் அதற்குப் பெயரே. ஆறு சரி. வயலிலிருந்து ஆற்றுக்குப் போகும் சின்ன வடிகாலை யார் வெட்டுவது? அதில் வெங்காயத்தாமரை பாய் விரித்துக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் கோடையில் ஊரே இறங்கி வெட்டும் வேலை அது. இப்போது டெண்டருக்குக் காத்திருக்கிறோம், அதுவும் மழை தொடங்கிய பிறகு வருகிறது.

முதல் நாள் சித்தப்பா போனில்: "பயிரு முங்கிருச்சு. ஒன் பைப்பும் முங்கிருச்சு."

இரண்டாம் நாள் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் எடுத்தார். காலையிலிருந்து பதினைந்து பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வடிகாலை வெட்டிவிட்டார்களாம். குரல் கட்டியிருந்தது. பின்னால் தவளைச் சத்தம்.

"வடியுதா சித்தப்பா?"

"வடியுது, வடியுது. மத்தியானம் பைப்பு தலை தெரிஞ்சுது. இப்ப நாலு ஓட்டை தெரியுது."