விசர் என்று சொன்னோம்

சோளகக் காலத்தில் இறக்கக்கண்டிக் கரையிலே வாடி போட்டுத் தொழில் செய்யும் மீனவரின் வலைகளுக்கு இரவுக் காவல் நாய்கள்தாம். சென்ற ஆண்டு அவற்றுள் ஒன்று நம் கண்ணெதிரே அடித்துக் கொல்லப்பட்டது. கண்ணிலும் மூக்கிலும் சளி வழிய இருமிக் கிடந்த அது, சில நாட்களின் பின் வெறுவாயை மென்றபடி வலிப்பெடுத்து விழுந்தது. "விசர் பிடித்துவிட்டது" என்றனர். நாமும் அதை நம்பி, மாணவரை விலக்கிக்கொண்டு வாளாவிருந்தோம்.

அடையாளங்களைக் கேட்ட மிருக வைத்தியர், டிஸ்டெம்பராக இருக்கலாம் என்றார். மூளையைப் பரிசோதியாமல் அறுதியிட இயலாதுதான். ஐயமுள்ள நாயை நெருங்காதிருப்பதும் அறிவுடைமையே. ஆயினும் அதன் குட்டிகள் அதே சளியுடன் முன்னரே மடிந்திருந்தன. அதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை, நாமுந்தான்.

நம் பிள்ளைகளுக்கு வரும் சின்னமுத்து வைரசின் இனத்தது இந்நோய்க் கிருமி. இருமலோடும் தும்மலோடும் நாய்க்கு நாய் பரவும், மனிதரை வருத்தாது. வைரசே காரணம் என்பதைப் பிரெஞ்சு நாட்டுக் கறே 1905இல் காட்டினார். வந்தபின் கிருமியைக் கொல்லும் மருந்து இன்றும் இல்லை. வருமுன் காக்கும் ஊசியோ உண்டு. தாய்ப்பாலின் காப்பு ஊசியின் வேலையைத் தடுக்குமாதலால், ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும்.

அவ்வூசி பிறந்த கதையைக் கேளுங்கள். இங்கிலாந்துச் செல்வரின் நரிவேட்டை நாய்கள் மடிந்தன. 1920களில் வேட்டைப் பத்திரிகையொன்று நிதி திரட்டிற்று. லெயிட்லோவும் டங்கினும் ஆராய்ந்து வழி கண்டனர். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் மடிந்து, சிலவற்றில் இவ்வைரசு காணப்பட்டபோது, அமெரிக்காவிலிருந்து ஊசிமருந்து தருவிக்கப்பட்டது. சிங்கத்தைக் காத்ததில் நமக்குக் குறையில்லை. நம் நாட்டிலும் விசர் ஊசியை அரசு நாய்களுக்கு இலவசமாகவே ஏற்றுகிறது. அந்நோய் மனிதரைக் கொல்லும். டிஸ்டெம்பர் மனிதரைக் கொல்லாததால், அதன் ஊசி கைக்காசுக்கு உரியதாயிற்று. அறியாமை என்று ஊராரை ஏசுவது எளிது. அறிந்த நாமே விலையைக் கேட்டுத் தயங்குகிறோமே!

அதே வாடியில் இப்போது மூன்று குட்டிகள். நோயுற்ற நாய்களோடு சேரவிடாமல் வேலிக்குள் வைக்கும்படியும், தட்டுகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவும்படியும் சொன்னோம். வெயிலும் சவர்க்காரமும் அக்கிருமிக்கு ஆகா. ஊசியைப் பற்றியும் சொன்னோம்.

"மூன்றுக்கும் மூன்று தரமோ, சேர்? வீட்டு அரிசிக்கே கணக்குப் பார்க்கிறம்" என்றார் வலை இழுப்பவர்.

குட்டிகளுக்கு ஆறு வாரம் ஆகிவிட்டது.