வழுக்காத பாதை

கான்கிரீட் கல்லுக்கு நிகரானது, ஒருமுறை போட்டுவிட்டால் தலைமுறைக்கும் கவலையில்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது தாகமுள்ள பொருள். சிமெண்டும் மணலும் ஜல்லியும் நீரும் சேர்ந்து இறுகும்போது, மிகுதியான நீர் நின்ற இடங்கள் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகளாகத் தங்கிவிடுகின்றன. மழைநீரும், வண்டியிலிருந்து சொட்டும் எண்ணெயும், கடலோர ஊர்களில் காற்றோடு வரும் உப்பும் அவற்றின் வழியே உள்ளே இறங்குகின்றன. உப்பு உள்ளிருக்கும் கம்பியை எட்டினால் துருப்பிடிக்கும். துரு பருத்துத் தளத்தைப் பிளக்கும். மேலே தங்கும் ஈரத்திலோ பாசி படரும்.

எங்கள் ஆலயத்தில் சாலை வாயிலிலிருந்து முகப்பு வரை செல்லும் வண்டிப்பாதை அத்தகையது. கார்த்திகை மழை ஓய்ந்ததும் வேப்பமர நிழல் விழும் பகுதி பச்சைப் பட்டு விரித்தாற்போல் தோன்றும். பார்க்க அழகுதான், விடியற்காலைத் திருப்பலிக்குக் கோலூன்றி வரும் பாட்டிமாருக்கு அது கண்ணி. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர் பழையபடி நடமாடுவது அரிது. ஆகவே, பாதையைத் தூய்மை செய்து, நீர் புகாதபடி பூச்சு இடுவதென்று பங்குப் பேரவை முடிவு செய்தது. மழையும் பனியும் நீங்கிய மாசி மாதத்தில் வேலை தொடங்கியது.

வந்த தொழிலாளியின் கையில் ஆசிட் புட்டி இருந்தது. கையுறை இல்லை, காலில் செருப்பும் இல்லை. “ஒரு மணி நேரத்தில் பளிச்சென்று ஆகிவிடும், சாமி” என்றார்.

“ஆகும் தம்பி. அழுக்கோடு சிமெண்டும் கரையும், உங்கள் கையும் புண்ணாகும்” என்றேன்.

சிமெண்டைப் பிணைத்து நிறுத்தும் சுண்ணாம்புச் சேர்மங்களை அமிலம் தின்றுவிடும். பாசிக்கு பிளீச்சிங் தூள் கரைசல் போதும். சற்று ஊறவிட்டு, முரட்டுத் துடைப்பத்தால் தேய்த்து, நிறைய நீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆனால் பிளீச்சிங் தூளும் ஆசிடும் ஒருபோதும் சேரலாகாது. சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு எழும். எண்ணெய்க் கறைமீது மரத்தூளைத் தூவி உறிஞ்சவிட்டு, பின்னர் சோப்புக் கரைசலால் தேய்த்தோம். கையுறையும் ரப்பர் காலணியும் வாங்கிய பிறகே அவர் வேலையில் இறங்கினார். வேலை 3 நாள் நீடித்தது, கூலியும் கூடியது.

கழுவியவுடன் பூச்சு இடலாகாது. உள்ளே ஈரம் இருக்க மேலே மூடினால், பூச்சு வெளுத்து உரியும். இதற்கு எளிய சோதனை உண்டு. சுமார் 45 செ.மீ. சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தளத்தின்மேல் நாற்புறமும் ஒட்டி, 16 மணி நேரமேனும் விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். அடியில் நீர் முத்திட்டிருந்தாலோ, தளம் கறுத்திருந்தாலோ இன்னும் காத்திருக்க வேண்டும்.

இறுதியில் எந்தப் பூச்சு என்ற கேள்வி எழுந்தது. அக்ரிலிக் வகை மேலே ஏடாகப் படிந்து கண்ணாடிபோல் மின்னும், நனைந்தால் வழுக்கும். சிலேன் வகை துளைகளுக்குள் ஊடுருவி, நீரை உள்ளே விடாமல் தள்ளும். உள்ளிருக்கும் ஈரமோ ஆவியாக வெளியேறலாம். ஆனால் அதில் மினுக்கம் கிடையாது. பூசிய பின்னும் தளம் பழைய தளமாகவே தோன்றும். திருவிழாவுக்குக் கொடை தந்தோர் சிலர் மின்னுவதையே விரும்பினர். யாருக்காக இந்தப் பாதை என்று நான் கேட்டேன். பேச்சு நீண்டது, முடிவில் மின்னாததே தேர்வானது.

“இவ்வளவு பணம் போட்டதும் தெரியவில்லையே, சாமி?” என்று இன்றும் கேட்கிறார்கள். தெரியாதுதான். அதன்மேல் கொடையாளர் பெயரைப் பொறிக்கவும் இடமில்லை. ஆனால் மழை பெய்தால் நீர் முத்துமுத்தாக உருண்டு ஓடுகிறது. பாதை விரைவில் காய்கிறது. விழாமல் வீடு திரும்பும் மூதாட்டிக்குத் தான் ஏன் விழவில்லை என்பது தெரிய வேண்டியதில்லை. பிறர்க்குச் செய்யும் நன்மைகளுள் இத்தகையவையே பெரும்பாலானவை போலும்.