சுங்கம் கேளாத பாதை

மும்பையில் மாகிமிலிருந்து பாந்திராவுக்குச் சாலைவழிச் செல்லும் நம்மவர், ஒரு பார்சிப் பெருமாட்டியின் கொடையின் மீதே செல்கின்றனர். முற்காலத்தில் இவ்விரண்டிற்கும் நடுவே உப்பங்கழியும் சதுப்புமே கிடந்தன. படகேறியே கடக்க வேண்டும். மழைக்காலத்தில் உயிருக்கு உறுதியில்லை. பாதை அமைக்க அரசாங்கம் பொருள் தர முன்வரவில்லை. அப்போது வணிகச் செல்வர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் மனைவியார் ஆவாபாய் அம்மையார் 1,57,000 ரூபாய் ஈந்தார். கடப்போரிடம் சுங்கம் வாங்கலாகாது என்பது நிபந்தனை. 1845-இல் பாதை திறக்கப்பட்டது. பம்பாயிலிருந்து முதல் பயணி ரயில் புறப்பட்டதோ 1853-இல்தான்!

நாளெல்லாம் பயணச்சீட்டுக் கணக்கெழுதும் எனக்கு, தொகையினும் அந்நிபந்தனையே பெரிதாகத் தோன்றுகிறது. மாகிமில் ‘லேடி ஜம்ஷெட்ஜி சாலை’ என்று பெயர்ப்பலகையில் காணும் அம்மையார் இவரே.

இவர் கணவரோ இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். சீன வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார். அபினியும் அவ்வாணிகச் சரக்குகளுள் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. ஈட்டியதிலிருந்து அறத்திற்கும் வாரி வழங்கினார். ஜே. ஜே. மருத்துவமனையும், 1857-இல் தோன்றிய ஜே. ஜே. கலைப்பள்ளியும் அவர் கொடைக்குச் சான்றுகள்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பாரதத்தில் பார்சிகள் 57,264 பேரே. அவர்தம் முன்னோரும் பாரசீகத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களே. வந்த ஊரைத் தம் ஊராகக் கொண்டு, பின்வருவோர்க்கும் வழி அமைத்தனர். பிழைக்க வந்த நாம் இவ்வூருக்கு விட்டுச்செல்வது யாது? அவ்வழியே போகும்போதேனும் எண்ணிப் பார்ப்போமாக.