மகாராஜபுரத்துக்கு ஒரு மூட்டைப் புஸ்தகம்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரும் யாத்ரிகர்களின் கண்ணில் முதலில் படுவது பதினோரு நிலைக் கோபுரம். பிறகு நாவில் படுவது பால்கோவா. இவ்விரண்டோடு திருப்தியடைந்து ஊர் திரும்புகிறவர்கள், அதே ஊரில் இருக்கும் மூன்றாவது விசேஷத்தை அறியாமலே போய்விடுகிறார்கள். பென்னிங்டன் வாசகசாலை என்று அதற்குப் பெயர். திருநெல்வேலிக் கலெக்டராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கி, 1875ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. சென்னையில் கன்னிமாரா நூலகம் திறக்கப்பட்டது 1896இல்தான். அதற்கு 21 வருஷம் மூத்தது நம் ஊர் வாசகசாலை!

அதன் வாசற்படியைத் தாண்டும்போதெல்லாம் நமக்கு ஒரு பெருமை உண்டாவது வழக்கம். சென்ற கோடை விடுமுறையில் அந்தப் பெருமையோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. மேற்கு மலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு குழந்தைக்கு இந்த வாசகசாலை எவ்வளவு தூரம்? விடை காண்பதென்று தீர்மானித்து, வீட்டில் இருந்த குழந்தைப் புஸ்தகங்கள் முப்பதை வேஷ்டியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினோம்.

அமாவாசைக்கு முந்திய தினம். சதுரகிரிக்குப் போகும் பக்தர்கள் கூட்டம் பஸ் நிறைய இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நம் மூட்டையை மரியாதையுடன் பார்த்து, "அன்னதானத்துக்கு அரிசிங்களா, ஐயா?" என்று கேட்டார்.

"இல்லை, புஸ்தகம்" என்றோம்.

அவர் கைகூப்பிவிட்டுச் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். சித்தர்கள் மலைக்கு ஏடு சுமந்து போகும் ஆசாமி என்று நம்மை நினைத்துவிட்டார் போலிருக்கிறது!

கிருஷ்ணன்கோவிலில் மதுரை ரஸ்தாவை விட்டு மேற்கே திரும்பியதும் காற்றே மாறிவிடுகிறது. நெல் வயல்கள், தென்னந்தோப்புகள், அவற்றுக்குப் பின்னால் நீலச் சுவர் எழுப்பினாற்போல மேற்குத் தொடர்ச்சி மலை. வத்திராயிருப்பைக் கடந்து, தாணிப்பாறை போகும் வழியில் இருக்கிறது மகாராஜபுரம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். பெரியவர்களுக்கு இது ஒரு தூரமல்ல. ஆனால் ஏழு வயதுக் குழந்தை தனியாகப் பஸ் ஏறி வாசகசாலைக்குப் போகுமா? அந்தக் குழந்தைக்கு இருபது கிலோமீட்டரும் ஒன்றுதான், காசியும் ஒன்றுதான்.

சிநேகிதர் வீட்டுத் திண்ணையில் மூட்டையை அவிழ்த்தோம். கால் மணி நேரத்துக்குள் பதினைந்து குழந்தைகள் கூடிவிட்டார்கள். கூடினார்களே தவிர, ஒருவரும் கிட்டே வரவில்லை. கடைசியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஸார், தொடலாமா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி நம்மைச் சுருக்கென்று தைத்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்தின் புஸ்தக அலமாரி நம் பொறுப்பில் இருந்தது. ஒரு புஸ்தகம் குறைந்தாலும் கணக்குக் கேட்பார்களே என்ற பயத்தில், சாவியை இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டோம். குழந்தைகள் கேட்டால், "அப்புறம் பார்க்கலாம்" என்போம். இரண்டு வருஷம் கழித்து அலமாரியைத் திறந்தபோது கணக்கு மிகச் சரியாக இருந்தது. ஆனால் கீழ்த்தட்டு முழுவதையும் கறையான் வாசித்து முடித்திருந்தது!

"தொடத்தானம்மா கொண்டு வந்திருக்கிறோம்" என்று சொல்லி, யானைக் கதை ஒன்றை எடுத்து உரக்க வாசித்தோம். எழுத்தின் கீழ் விரலை நகர்த்திக்கொண்டே போய், பாதியில் நிறுத்தி, "அப்புறம் யானை என்ன செய்திருக்கும்?" என்று கேட்டோம். மலையடிவாரத்துக் குழந்தைகள் அல்லவா? யானையைப் பற்றி நமக்குத் தெரியாத சங்கதிகளெல்லாம் வந்து விழுந்தன. அதே கதையை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார்கள். மூன்றாம் தடவை, இடுப்பிலிருந்து இறங்கிய அந்தத் தம்பி, சரியான இடம் வந்ததும் தானே பக்கத்தைப் புரட்டினான். அவனுக்கு 'அ' என்ற எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் புஸ்தகத்துக்குள் கதை இருக்கிறது என்பதும், அது பக்கம் பக்கமாக வருகிறது என்பதும் தெரிந்துவிட்டது. படிப்பின் முதல் பாடம் இதுதான். அரிச்சுவடி இதற்குப் பிறகு வந்தால் போதும்.

கணக்கு உபாத்தியாயராக இருந்து, 1924இல் சென்னை சர்வகலாசாலையின் நூலகரான சீர்காழி ரங்கநாதன் அவர்கள், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புஸ்தகங்கள் உபயோகத்துக்கே என்பது முதல் விதி. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய புஸ்தகம் என்பது இரண்டாவது. அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர், மாட்டு வண்டியில் புஸ்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். குழந்தை வாசகசாலைக்கு வர முடியாவிட்டால் வாசகசாலை குழந்தையிடம் போக வேண்டும் என்ற எளிய உண்மை, மோட்டார் பஸ் பெருகாத அந்தக் காலத்திலேயே புரிந்திருந்தது.

1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருக்கையில், எந்த மாகாணத்துக்கும் முந்திக்கொண்டு சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் செய்தது. அதன் பயனாக இன்றும் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். 2023இல் தமிழகப் பள்ளிக்கல்வித் துறை வாசிப்பு இயக்கம் தொடங்கி, 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகளாகச் சிறு புஸ்தகங்களை வகுத்தது. சட்டம் இருக்கிறது, வரி இருக்கிறது, புஸ்தகமும் இருக்கிறது. இவற்றுக்கும் குழந்தைக்கும் நடுவே அரைமணி நேரம் உட்கார்ந்து வாசித்துக் காட்ட ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரை எந்தச் சட்டத்தாலும் உண்டாக்க முடியாது.

முப்பது புஸ்தகங்களையும் அந்தத் திண்ணையிலேயே விட்டு வந்தோம். சிறுமிதான் காரியதரிசி; பழைய நோட்டில் பெயர் எழுதிக் கொடுத்து வாங்குவாள். தீபாவளி விடுமுறையில் மறுபடி போய் எண்ணிப் பார்த்தபோது 26 இருந்தன. யானைக் கதையின் அட்டை கிழிந்து, உள்ளே மஞ்சள் கறை படிந்திருந்தது.

"நாலு காணோம், ஸார்" என்று அவள் கண் கலங்கினாள்.

"எங்கேயாவது யாராவது படித்துக்கொண்டிருப்பார்கள், அம்மா" என்றோம். பழைய சாவிக்காரர் பேசுகிற பேச்சா இது என்று நமக்கே ஆச்சரியமாக இருந்தது.

நேயர்கள் வீட்டிலும் குழந்தைகள் படித்து முடித்த புஸ்தகங்கள் பரணில் இருக்கும். கறையான் முந்திக்கொள்வதற்குள் அவற்றை இறக்கி, அடுத்த தெருத் திண்ணையில் வைத்து ஒரு கதையை உரக்க வாசித்துப் பாருங்கள். பாதியில் மட்டும் எழுந்து போய்விடாதீர்கள், குழந்தைகள் விடமாட்டார்கள்!