பென்குவின்களின் பாவக்கணக்கு

அசுர லோகத்து ராஜா செத்துப்போகிறார். யுத்தத்தில் அல்ல. ப்ரெட்ஸல் என்று ஒரு தின்பண்டம், கிட்டத்தட்ட நம்மூர் முறுக்குக்குப் பெரியப்பா பிள்ளை, தொண்டையில் சிக்கி! இரண்டு வருஷம் தூங்கி எழுந்த இளவரசன் லஹார்லுக்கு அப்போதுதான் விஷயம் தெரிகிறது. அழுவான் என்று பார்த்தால், சிம்மாசனத்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறான்.

இப்படி ஆரம்பிக்கும் 'டிஸ்காயா', 2003-ல் ஜப்பானின் நிப்பான் இச்சி கம்பெனி பிளேஸ்டேஷன் 2-க்காகக் கொண்டுவந்த வீடியோ கேம். அப்புறம் பி.எஸ்.பி., நின்டெண்டோ டி.எஸ்., கம்ப்யூட்டர், ஸ்விட்ச் என்று மெஷின் மாறும்போதெல்லாம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அதுவும் வந்துவிட்டது. 2023-ல் ஏழாம் பாகம்.

செஸ் மாதிரி கட்டம் போட்ட களம். நம் ஆட்கள் நகர்ந்து அடித்த பிறகு எதிரியின் முறை. ஆனால், செஸ்ஸில் சிப்பாயைத் தூக்கி நாலு கட்டம் தள்ளி எறிய முடியாதே! இங்கே எறியலாம். ஒருவன் தோளில் ஒருவன் ஏறிக் கோபுரமாக நின்று, வரிசையாக எறிந்து, ஒரே முறையில் களத்தின் கோடிக்குப் போய்விடலாம். தரையின் சில கட்டங்களுக்குக் கலர் உண்டு. கலருக்கு ஏற்ப பலமும் கூடும், அடியும் விழும். யோசிக்க நிறைய இருக்கிறது.

புது வசதி வேண்டுமா? அசுர சபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டும். உறுப்பினர்களுக்கு லஞ்சம் தரலாம். அப்படியும் தோற்றால், எதிர்த்தவர்களை உதைத்து நிறைவேற்றிக்கொள்ளலாம். (சிரிக்காதீர்கள், கற்பனைதான்!)

கதையை முடிக்க நூறாவது லெவல்கூட வேண்டாம். ஆனால், ஏணி 9999 வரை போகிறது. ஒரு சாதாரணக் கத்திக்குள்கூட முப்பது மாடி உலகம் இருக்கிறது. அபூர்வமான கத்தி என்றால் நூறு மாடி. கஷ்டப்பட்டு மேலே வந்தவன், திரும்ப ஒன்றாம் லெவலில் மறுபிறவி எடுக்கலாம். போன ஜென்மத்துப் புண்ணியம் கொஞ்சம் கூடவே வருவதால், இந்தத் தடவை இன்னும் பலசாலி.

'இதென்ன வெட்டி வேலை, நம்பர் ஏறுவதைப் பார்ப்பதா?' என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2021-ல் வந்த ஆறாம் பாகம் இதற்குப் பதில் சொன்னது என்பேன். லெவலை ஒன்பது கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம் வரை ஏற்றிவிட்டார்கள். சண்டையையும் மெஷினே தானாகப் போட்டுக்கொள்ளும். நீங்கள் காபி குடிக்கலாம். சௌகரியம்தான், ஆனால், ஜெயித்தது யார்? ஏழாம் பாகத்தில் அந்தத் தானியங்கிக்கு ரேஷன் வைத்துவிட்டார்கள். எறிவது நம் கை என்பதில்தான் ருசி.

இத்தனை கலாட்டாவுக்கு நடுவே ப்ரின்னிகள். பென்குவின் உடம்பு, முதுகில் குட்டி இறக்கை, எப்போதும் எடுபிடி வேலை. தூக்கி எறிந்தால் வெடித்துவிடும். முதலில் சிரித்துக்கொண்டே எறிவோம். போகப் போகத்தான் தெரிகிறது, உள்ளே இருப்பவை பூமியில் பாவம் செய்து செத்துப்போன மனித ஆன்மாக்கள். உழைத்துக் கடனைத் தீர்த்தால், சிவப்பு நிலா எழும் ராத்திரியில் மறுபிறவி.

அந்தக் கூட்டத்தில் மற்ற ப்ரின்னிகள் அக்கா ஸ்தானத்தில் வைத்திருக்கும் ஒன்று, லஹார்லை மட்டும் ஏன் அப்படிப் பார்க்கிறது? விடை தெரிந்த ராத்திரி, நான் மேற்கொண்டு ஆடவில்லை. டி.வி-யை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். விடையைச் சொல்ல மாட்டேன். முதல் பாகத்திலிருந்தே ஆரம்பியுங்கள்.

ப்ரின்னிகளை மட்டும் பார்த்து எறியுங்கள்.